பிஹெச்.டி முடிச்சாச்சு... அடுத்து ஜெர்மனியா? - போஸ்ட்டாக் வேட்டையில் அக்கா கற்ற பாடங்கள்!

``வைவா முடிஞ்சிருச்சு. இனி நீ டாக்டர். சரி, வேலைக்கு எப்போ போறே?"

பெரியம்மா மகளின் பிஹெச்.டி வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள், இலையில் பாயசம் விழும் முன்பே பெரியப்பா கேட்ட கேள்வி இது. ``போஸ்ட்டாக் பார்க்கணும்ப்பா" என்றாள் அக்கா. ``இன்னும் படிக்கப் போறியா?" என்றார் பெரியப்பா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அக்காவுக்கு அப்போது 32 வயது. வீட்டில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பகுதிக்கு வரும் மெயில்களில், `பிஹெச்.டி-க்குப் பிறகு என்ன?' என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப்பேர் அப்பா, அம்மாக்கள். அதனால் முதலில் பெரியப்பாவின் கேள்விக்கே பதில் சொல்லிவிடலாம். போஸ்ட்டாக் என்பது படிப்பு அல்ல. தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது, ஃபீஸ் கிடையாது. டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர், ஒரு பேராசிரியரின் குழுவில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்யும் வேலை. ஐ.ஐ.டி போன்ற இடங்களில் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால், இந்த அனுபவம் இல்லாமல் இன்டர்வியூ வரை போவதே சிரமம்.

அக்காவின் துறை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சவ்வுகள். தோல் தொழிற்சாலைத் தண்ணீரில் இருக்கும் உப்பையும் குரோமியத்தையும் பிரித்தெடுக்கும் வேலை. அவள் குறிவைத்தது ஜெர்மனியின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களை. அதற்கு ஒரு காரணம், அவள் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் பாதி அங்கிருந்து வந்தவை. நம் ஊருக்கும் அவற்றுக்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி-யே 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டதுதான்.

அங்கே `டி.யூ.9' என்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. ஆகன், பெர்லின், பிரவுன்ஷ்வைக், டார்ம்ஷ்டாட், டிரெஸ்டன், ஹனோவர், கார்ல்ஸ்ரூஹே, மியூனிக், ஷ்டுட்கார்ட் ஆகிய ஒன்பது ஊர்களின் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இதில் அடக்கம். `மியூனிக் கிடைச்சா போதும்' என்று ஆரம்பிப்பவர்கள் அதிகம். அந்த ஊரின் வீட்டு வாடகையைப் பார்த்தால் மனசு கொஞ்சம் மாறும்!

முதல் ஐந்து மாதங்களில் அக்கா எத்தனை மெயில் அனுப்பினாள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். 74. வந்த பதில்கள் ஆறு. ஆறுமே `இடம் இல்லை, வாழ்த்துகள்' ரகம். ஒரே கடிதத்தை ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி அனுப்பியிருந்தாள். அதில் ஒன்று, ஒரு பெண் பேராசிரியருக்கு `ரெஸ்பெக்டட் சார்' என்று போயிருந்தது. இதை அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால், அனுப்பிய அன்று கவனித்திருந்தால் அழுதிருப்பாள்.

இந்த நேரத்தில்தான் ஒரு கன்சல்டன்சி உள்ளே வந்தது. `யூரோப்பில் போஸ்ட்டாக் பிளேஸ்மென்ட் கேரன்ட்டி, ஒன்றரை லட்சம், பாதி முன்பணம்' என்றார்கள். பெரியப்பா பேங்குக்குக் கிளம்பியே விட்டார். நல்ல வேளையாக அக்கா தடுத்துவிட்டாள். பெற்றோர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகம் எதுவும் போஸ்ட்டாக் விண்ணப்பத்துக்குப் பணம் கேட்காது. யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்பவர் அந்தக் குழுவின் பேராசிரியர். இடையில் ஓர் ஏஜென்ட் செய்வதற்கு அங்கே வேலையே இல்லை.

அப்படியானால் இடம் எங்கே இருக்கிறது?

அக்காவின் சீனியர் ஒருவர் வீடியோ காலில் சொன்ன ஒரு வரி, அவள் தேடும் முறையையே மாற்றியது. ``நீ ஆளைத் தேடுறே, பணம் எங்கே இருக்குன்னு தேடு."

ஜெர்மனியில் பெரும்பாலான போஸ்ட்டாக் வேலைகள் பேராசிரியர் வெளியிலிருந்து வாங்கி வரும் திட்ட நிதியில் இருந்துதான் உருவாகின்றன. பணம் வந்தால் ஆள் வேண்டும், பணம் தீர்ந்தால் ஆள் வேண்டாம். எவ்வளவு அருமையான கடிதம் எழுதினாலும், நிதி முடியும் நிலையில் இருக்கும் குழுவில் இடம் கிடைக்காது. திட்டம் புதிதாக ஆரம்பித்த இடத்தில் சுமாரான கடிதத்துக்குக்கூட ஒரு பதில் வரும்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பது ரகசியம் இல்லை. ஜெர்மன் ஆராய்ச்சி நிதி அமைப்பான டி.எஃப்.ஜி, தான் பணம் கொடுக்கும் திட்டங்களை `கெப்ரிஸ்' என்ற இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறது. என்ன திட்டம், யார் நடத்துகிறார், எந்த ஆண்டில் தொடங்கியது என எல்லாமே அதில் இருக்கும். ஐரோப்பிய யூனியன் நிதி கொடுக்கும் திட்டங்களுக்கு `கார்டிஸ்' என்ற தளம். இரண்டையும் பார்க்கக் காசு கிடையாது, லாகின்கூடத் தேவையில்லை. துறைச் சொல்லைப் போட்டு, கடந்த ஓரிரண்டு ஆண்டுகளில் தொடங்கிய திட்டங்களை மட்டும் எடுத்தால், 74 பேர் கொண்ட பட்டியல் பத்துப் பன்னிரண்டு பேராகச் சுருங்கும்.

ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சில், அதாவது இ.ஆர்.சி, தரும் மானியங்களையும் கவனிக்க வேண்டும். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான `ஸ்டார்ட்டிங் கிரான்ட்' ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை. வாங்கியவர் கையில் பணம் இருக்கும், ஆனால் குழு இன்னும் சின்னதாக இருக்கும். அவருக்கு உடனே ஆள் தேவை. பெரிய பெயர் உள்ள பேராசிரியரின் வாசலில் நூறு பேர் நிற்கும்போது, இவர் வாசலில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். இது என் சொந்தக் கருத்துதான், ஆனால் போஸ்ட்டாக் முடித்துத் திரும்பிய மூன்று பேரிடம் பேசியபோது மூவருமே இதையேதான் சொன்னார்கள்.

இன்னொன்று. `எக்ஸலன்ஸ் கிளஸ்டர்' என்ற பெயரில் ஜெர்மனி பெரிய ஆராய்ச்சிக் கூட்டமைப்புகளுக்கு நிதி தருகிறது. 2025 மே மாதம் இப்படி 70 கிளஸ்டர்கள் தேர்வாகின. 2026 ஜனவரியில் இருந்து ஏழு ஆண்டுகளுக்கு நிதி. இப்போது தேடுபவர்கள், தங்கள் துறை இந்த 70-ல் எதிலாவது வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

விளம்பரங்களும் வராமல் இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கம், ஐரோப்பா முழுவதுக்குமான `யூராக்செஸ்' தளம் இரண்டும் முக்கியமானவை. இதில் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தேடும் பெட்டியில் `போஸ்ட்டாக்' என்று மட்டும் போடுவார்கள். ஆனால் ஜெர்மனியில் இந்த வேலைக்குப் பல நேரம் `விஸன்ஷாஃப்ட்லிஷர் மிட்டார்பைட்டர்' என்றுதான் பெயர். `அறிவியல் பணியாளர்' என்று அர்த்தம். பிஹெச்.டி மாணவர் வேலைக்கும் இதே பெயர்தான் என்பதால், உள்ளே போய்ப் படித்தால்தான் யாருக்கானது என்று தெரியும். பக்கத்தில் `எம்/டபிள்யூ/டி' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஆண், பெண், பிற பாலினத்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம் என்பதன் சுருக்கம் அது.

விளம்பரத்தில் `டி.வி-எல் இ13' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் சம்பளம். பேரம் கிடையாது, மாநில அரசு ஊழியர்களுக்கான சம்பள அட்டவணை அது. முழுநேர வேலை என்றால் ஆரம்பப் படியிலேயே மாதம் 4,600 யூரோவுக்கு மேல். வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்தபிறகு, தனி ஆளாக இருப்பவர் கைக்கு ஏறத்தாழ 60 சதவிகிதம் வரும். `100 சதவிகிதம்' என்று போட்டிருக்கிறதா, `50 சதவிகிதம்' என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது பணி நேரத்தின் அளவு. சம்பளமும் அதற்கேற்பப் பாதியாகிவிடும்.

அந்த அட்டவணையில் படிகள் உண்டு. முன் அனுபவம் இருந்தால் மேல் படியில் சேர்ப்பார்கள். அதற்கு எழுத்துபூர்வமான சான்றிதழ் வேண்டும், அதையும் சேரும்போதே கொடுக்க வேண்டும். பிறகு கொடுத்து மாற்றுவது கஷ்டம். பிஹெச்.டி-க்கு முன்போ பின்போ புராஜெக்ட் அசோசியேட்டாக வேலை பார்த்தவர்கள், ஊரை விட்டுக் கிளம்பும் முன் தேதி, பணி விவரத்தோடு அனுபவச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை என்பது ஒரு வழி. சொந்தமாக ஃபெல்லோஷிப் வாங்கிக்கொண்டு போவது இன்னொரு வழி. பேராசிரியரிடம் பணம் இல்லையென்றாலும், `பணம் நான் கொண்டு வருகிறேன், இடம் மட்டும் கொடுங்கள்' என்று சொல்ல முடியும்.

இதில் நம் ஊரில் நன்கு தெரிந்தது அலெக்ஸாண்டர் ஃபான் ஹும்போல்ட் ஃபெல்லோஷிப். ஆண்டு முழுக்க எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். தேர்வுக் குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடும். நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு கிடையாது. போஸ்ட்டாக் பிரிவுக்கு, பிஹெச்.டி முடித்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. முன்கூட்டியே ஒரு ஜெர்மன் பேராசிரியரின் சம்மதம் வேண்டும். அதனால் மெயில் எழுதும் வேலையில் இருந்து இங்கேயும் தப்பிக்க முடியாது.

அடுத்தது ஐரோப்பிய யூனியனின் மேரி ஸ்க்லடோவ்ஸ்கா-கியூரி ஃபெல்லோஷிப். வழக்கமாக செப்டம்பரில் கடைசித் தேதி வரும். கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்ற விதி, இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்குச் சாதகமானது. போட்டி மட்டும் கடுமை. 2024-ம் ஆண்டு அழைப்புக்கு 10,360 பேர் விண்ணப்பித்து, 1,696 பேருக்குக் கிடைத்தது. ஆறில் ஒருவருக்கு!

வேலையா, ஃபெல்லோஷிப்பா? குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கவனமாக யோசிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் என்றால் அரசு மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலை இழந்தால் கிடைக்கும் உதவிக்கான காப்பீடு எல்லாம் அதோடு வந்துவிடும். வருமானம் இல்லாத கணவரோ மனைவியோ, குழந்தைகளோ அதே காப்பீட்டில் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துவிடுவார்கள். ஹும்போல்ட் போன்ற ஃபெல்லோஷிப் பணம் சம்பளம் அல்ல. காப்பீட்டை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபெல்லோஷிப்பில் கௌரவம் அதிகம், பயோடேட்டாவில் மின்னும். ஆனாலும் கைக்குழந்தையோடு போகும் ஒரு தோழிக்கு, இரண்டும் கிடைத்தால் வேலை ஒப்பந்தத்தை எடு என்றுதான் நான் சொல்வேன்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் மத்திய அரசின் தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு 35 வயது வரம்பு, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. இங்கே பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள். ஹும்போல்ட், மேரி கியூரி இரண்டும் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை, பிஹெச்.டி வாங்கிய தேதியைப் பார்க்கின்றன. குழந்தை வளர்ப்புக்காக விட்ட இடைவெளியையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வயது வரம்பைத் தாண்டி பிஹெச்.டி முடித்த ஓர் அம்மாவுக்கு இங்கே அடைபடும் கதவு அங்கே திறந்திருக்கலாம். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, ``அப்போ கல்யாணம் பண்ணிட்டே போலாம்னு சொல்லு" என்றார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது சுற்றில் அக்கா 11 மெயில்தான் அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் எடுத்தாள். முதல் பத்தியில், அந்தக் குழுவின் எந்தக் கட்டுரையைப் படித்தாள், அதில் எந்த இடத்தில் தன் வேலை ஒட்டும் என்பது. இரண்டாவதில், தனக்கு எந்தெந்தக் கருவிகளை இயக்கத் தெரியும், சவ்வு அடைத்துக்கொள்ளும் பிரச்னையை எப்படிக் கையாண்டாள் என்பது. மூன்றாவதில், எப்போது சேர முடியும், புராஜெக்ட்டில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் ஹும்போல்ட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாமா என்ற நேரடிக் கேள்வி. அவ்வளவுதான். தன்னைப் பற்றிய புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை. பயோடேட்டா இரண்டு பக்கம், ஒரே பி.டி.எஃப். ஆகஸ்ட் விடுமுறையையும் கிறிஸ்துமஸ் வாரத்தையும் தவிர்த்தாள். பதில் வராதவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

ஐந்து பதில்கள் வந்தன. இரண்டு ஆன்லைன் இன்டர்வியூ.

முதல் இன்டர்வியூவில், தன் ஆய்வைப் பற்றி 20 நிமிடம் பேசச் சொன்னார்கள். 40 ஸ்லைடு வைத்திருந்தாள், பாதியில் நேரம் முடிந்தது. கிடைக்கவில்லை. இரண்டாவதில் 14 ஸ்லைடு. பேசி முடித்ததும் அந்தக் குழுவின் பிஹெச்.டி மாணவர் ஒருவர், ``உங்கள் ஆய்வில் தோற்றுப்போன பரிசோதனை எது? ஏன் தோற்றது?" என்று கேட்டிருக்கிறார். தீசிஸில் எழுதாத எட்டு மாதக் கதையை அக்கா அவர்களுக்குச் சொன்னாள். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டே இருந்தாராம்.

இங்கே சிபாரிசுக் கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு அல்லது மூன்று பேரின் பெயரைக் கேட்பார்கள். நேரடியாக அவர்களுக்கே மெயில் போகும். கைடுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், அந்த மெயில் நூறோடு நூற்றொன்றாகக் கிடக்கும். நம் ஊரில் கைடிடம் இதைக் கேட்பதற்கே பலருக்குத் தயக்கம். அக்கா நேரில் போய், தன் ஆய்வின் சுருக்கத்தையும் அந்த வேலையின் விளம்பரத்தையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒப்பந்தத்தின் வரைவு வந்தது. டி.யூ.9-ல் ஒன்று. ஊர் பெயரை மட்டும் போடாதே, விசா வரட்டும் என்கிறாள். டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கும் கண்ணு படும் பயம் இருக்கத்தான் செய்கிறது.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மொழிபெயர்ப்பு ஆப் உதவியோடு முழுசாகப் படித்தார். ஓர் இடத்தில் நின்றார். ``24 மாசம்தான் போட்டிருக்கான். அதுக்கப்புறம்?"

அது நியாயமான கேள்வி. ஜெர்மனியில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களைத் தற்காலிக ஒப்பந்தத்தில் வைப்பதற்கு 2007-ல் தனிச் சட்டமே வந்தது. அதன்படி பிஹெச்.டி-க்குப் பிறகு பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை இப்படி ஒப்பந்தம் போடலாம். குழந்தை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு ஆண்டு கூடும். அதன்பின் நிரந்தர இடம், இல்லையென்றால் திட்ட நிதியில் மறுபடி ஒப்பந்தம், அதுவும் இல்லையென்றால் வெளியே. இந்தச் சட்டத்தை விளக்க அரசு 2018-ல் வெளியிட்ட அனிமேஷன் வீடியோவில் `ஹன்னா' என்று ஒரு கற்பனை ஆராய்ச்சியாளர் வருவார். பழையவர்கள் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்ற தொனியில் இருந்த அந்த வீடியோவைப் பார்த்துக் கொதித்துப்போன ஆயிரக்கணக்கானவர்கள், 2021-ல் `நான்தான் ஹன்னா' என்று சமூக வலைதளங்களில் தங்கள் கதைகளை எழுதினார்கள். ஜெர்மன்காரர்களுக்கே அந்த நிலை என்றால், விசாவும் வேலையோடு கட்டுண்டு கிடக்கும் நம்மவர்களுக்கு எப்படி இருக்கும்?

அதனால் அக்கா ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். முதல் ஆண்டு முடியும்போதே இந்திய ஐ.ஐ.டி, என்.ஐ.டி-களின் ஆசிரியர் பணி அறிவிப்புகளுக்கு விண்ணப்பிக்க ஆரம்பிப்பது. கூடவே, அங்கே சவ்வு தயாரிக்கும் கம்பெனிகளில் வேலைக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ஜெர்மன் மொழி வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம் போதும், கம்பெனியில் போதாது. தினமும் காலை ஆறு மணிக்கு ஆன்லைன் வகுப்பு. பெரியம்மா காபி கொண்டுவந்து வைக்கும்போது அவருக்கும் `டாங்கே' சொல்லப் பழகிவிட்டது.

விசாவுக்கு சென்னையிலேயே ஜெர்மன் தூதரக அலுவலகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம், பட்டச் சான்றிதழ்கள் எல்லாம் ஃபைலில் ஏறிவிட்டன. பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று. பிஹெச்.டி-க்கு முன் இரண்டு ஆண்டு புராஜெக்ட்டில் வேலை பார்த்த இடத்தின் அனுபவச் சான்றிதழ். `கிளார்க் லீவு', `சார் மீட்டிங்கில் இருக்கார்' என்று ஏற்கெனவே மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை நான்காவது முறையாகப் போகிறாள். இந்த முறை பெரியப்பாவும் கூடப் போகிறாராம்.